பதிவேட்டில் இல்லாத பெண்

அத்தியாயம் பதினாறு

ஒன்பதரை மணிக்கு ஜீப் சத்தம் கேட்டதும் கலைச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

சேம்பக்காடு சுகாதார நிலையத்தின் கடைசி அறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தடுப்பூசிப் பெட்டிகள் வைக்கும் அறை அது. வியாழக்கிழமை மட்டும் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி, இரண்டு நாற்காலி போட்டு, கீழே ஒரு பாயை விரிப்பார்கள். அன்று அது பிள்ளைகளின் அறை. மலையில் அதற்கு 'வியாழக்கிழமை ரூமு' என்று பேர். அங்கே என்ன வைத்தியம் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த ரூமை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று பார்த்துப் போக மாவட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.

"பயப்படாதீங்கக்கா," என்றாள் ராதிகா. மனநல ஆலோசகர். வாரம் தவறாமல் முதல் பஸ் பிடித்து மலையேறி வருகிறவள். தைரியம் சொன்னாளே தவிர, அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மூடி மூன்று தடவை கழன்று விழுந்தது.

கலைச்செல்விக்குக் கண் முன்னால் நின்றதெல்லாம் ஓர் ஏரிக்கரை.

ஐப்பசி மாதத்து விடியற்காலை. ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் இருபது நாள் சுவரைப் பார்த்துக் கிடந்த அவள் மகள் அருள்மொழி, அன்றைக்கு எழுந்து நடந்தே வாசலூர்பட்டி ஏரிக்குப் போய்விட்டாள். படகுத்துறையில் வேலை பார்க்கும் அர்த்தனாரி இடுப்பளவு தண்ணீரில் அவளைப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கரையில் அவளுடைய பச்சை ஸ்வெட்டர் கிடந்தது. நாலாக மடித்து, சதுரமாக, கடையில் அடுக்கியதுபோல.

அந்தச் சதுரம் இன்னும் கலைச்செல்வியின் தூக்கத்தில் வருகிறது.

அதன் பிறகுதான் இந்த ரூமு. பதினேழு வியாழக்கிழமைகள். ஏழாவது வாரம் அருள் "தண்ணி வேணும்" என்றாள். பன்னிரண்டாவது வாரம் சிரித்தாள். மூன்று வாரம் முன்னால், ஹாஸ்டலில் என்ன நடந்தது என்று ராதிகாவிடம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிற்கிறது. மீதிப் பாதி இன்றைக்கோ அடுத்த வாரமோ வர வேண்டும்.

அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தால்.

பங்குனியோடு இந்த ரூமுக்கு ஒதுக்கிய பணம் தீர்கிறது. வருஷத்துக்கு முப்பது பிள்ளைகளாவது வந்தால்தான் மாவட்டக் குழு மறுபடி ஒதுக்கும். ராதிகாவிடம் வந்தவர்கள் நாற்பத்தொரு பிள்ளைகள். ஆனால் போன வாரம் அவள் முதன்முதலாக சுகாதார நிலையத்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது அதில் மூன்றே மூன்று பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

காரணம் நர்ஸ் சுகுணாவுக்குத் தெரியும். கலைச்செல்விக்கும் தெரியும். பிள்ளையைக் கூட்டிவந்த ஒவ்வொரு தாயும் பதிவேட்டைக் கண்டதும் ஒன்றையேதான் சொன்னாள்: "புள்ள பேரைப் போட்டுறாதீங்க சிஸ்டர். நாளைக்குக் கட்டிக்குடுக்கணும். எம்பேரைப் போட்டுக்குங்க."

சுகுணா இரக்கப்பட்டு எழுதினாள். தாயின் பெயர், தாயின் வயது, ரத்தசோகை.

---

"மலை ரோட்டுல எழுபது வளைவையும் எண்ணணும்னுதான் உக்காந்தேன். நாப்பதுக்கு மேல முடியலை," என்றபடி உள்ளே வந்தார் மாவட்ட அதிகாரி ரமேஷ்குமார். முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவில்லை.

"அறுபத்திமூணாவதுலதான் சார் எல்லாரும் வாந்தி எடுப்பாங்க. நீங்க தேவலை," என்றாள் சுகுணா.

அவர் சிரித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்ததும்தான் கலைச்செல்வி சுவரோரம் ஒதுங்கினாள்.

அண்ணாமலை. வார்டு மெம்பர். அவள் கணவன் மாணிக்கத்தின் கூடப்பிறந்த அண்ணன். சட்டைப் பையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் துருத்திக்கொண்டிருந்தன. பங்குனியில் அவருடைய ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராசிபுரம். அந்தச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அருள் ஏரிக்குப் போனாள். அன்றைக்கு அண்ணாமலைக்குத் தெரியாமல் மறைத்தது, இன்றுவரை மறைந்தே இருக்கிறது.

"கலைச்செல்வி, நீ எங்க இங்க?" என்றார்.

"சும்மாதானுங்க மாமா."

ரமேஷ்குமார் பதிவேட்டைப் பிரித்தார். விரல் வரி வரியாக இறங்கியது. உள்ளே சுவரோரப் பெஞ்சில் இன்னும் நாலு தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். ராதிகா பதினோரு பேருக்குப் போன் செய்து கெஞ்சியதில் வந்தவர்கள் அவ்வளவுதான்.

"மேடம், வருஷத்துக்கு மூணு பிள்ளைங்க. இதை எடுத்துட்டுப் போயி குழுவுல நான் என்ன பேசறது?"

"நாற்பத்தொரு பேர் சார். என் நோட்டுல இருக்கு. ஆனா அதைக் காட்ட மாட்டேன்னு பிள்ளைங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நோட்டை நானும் கேட்கலை. குழுவுக்குப் பதிவேடுதான். பேர் தப்பா எழுதியிருந்தா, பெத்தவங்களே திருத்திக் கையெழுத்துப் போடட்டும். நான் ஏத்துக்கறேன். நாலு மணிக்குள்ள." அவர் தலை நிமிர்ந்தார். "இல்லேன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகலை. பிள்ளைங்க கீழ முள்ளுக்குறிச்சி அடிவார மையத்துக்கு வரட்டும். நேரா போயி பேர் குடுத்தா அன்னிக்கே பார்ப்பாங்க."

எலுமிச்சம்பழம் மறுபடி மூக்குக்குப் போனது. இந்த ரோட்டில் ஒரு தடவை வந்ததற்கே இவருக்கு இந்தக் கதி. அருள் வாராவாரம் போய் வருவாளா? கலைச்செல்வி நினைத்தாள், சொல்லவில்லை.

"உங்க பேரு என்னம்மா?"

"கலைச்செல்விங்க."

விரல் நின்றது. "கலைச்செல்வி, முப்பத்தொன்பது. பதினேழு தடவை வந்திருக்கீங்க. பதினேழு தடவையும் ரத்தசோகை. ரத்தசோகைக்கா ஆலோசகர்கிட்ட வந்து உக்காந்தீங்க?"

"சொல்லுங்கக்கா," என்றாள் ராதிகா, மெல்ல.

சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. அப்போது அண்ணாமலை பத்திரிகை ஒன்றை உருவி மேசைமேல் வைத்தார். "சார், பங்குனி பதினாலு. குடும்பத்தோட வந்துறணும்." வைத்துவிட்டுத் தம்பி மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"எனக்குத்தானுங்க சார்," என்றாள் கலைச்செல்வி. "ரத்தம் கம்மி. தலை சுத்தும்."

"வீட்டுல பிள்ளைங்க யாருக்காவது..."

"எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாப் படிக்கறா. மனசு கெட்ட புள்ள எங்க ஊட்டுல ஆரும் இல்லீங்க."

கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள். ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்கம்மா?" ரமேஷ்குமார் பெஞ்சைப் பார்த்தார்.

"எனக்கும் ரத்தசோகைங்க." "எனக்குமுங்க."

"இந்த மலையில ஒருத்தருக்குமே ரத்தம் கிடையாதா?"

யாரும் சிரிக்கவில்லை.

---

பத்தே முக்காலுக்கு பஸ் வந்தது. அருள் அதில் வர வேண்டும் என்று ஏற்பாடு. முட்டைக்கோசு மூட்டை இறங்கியது. இரண்டு கிழவர்கள் இறங்கினார்கள். அருள் இறங்கவில்லை.

"சுகுணா, அருளு பஸ்ஸுல வரலியே."

"என்னக்கா சொல்றீங்க? அவதான் ஒம்பதே முக்காலுக்கே பால் வண்டியில வந்துட்டாளே! ஆபீசர் உள்ள இருக்காரேன்னு நான்தான் வெளிய பெஞ்சுல உக்கார வெச்சேன்."

"எந்த பெஞ்சுல?"

சுகுணா திரும்பினாள். அவள் கண் ஜன்னலுக்குப் போனது. கதவில்லாத ஜன்னல். அதற்கு நேர் கீழே வெளிப்பக்கம் ஒரு சிமென்ட் பெஞ்சு. உள்ளே பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அங்கே கேட்கும்.

கலைச்செல்வி வெளியே ஓடினாள்.

பெஞ்சில் அருள் இல்லை. பச்சை ஸ்வெட்டர் இருந்தது.

நாலாக மடித்து. சதுரமாக.

  ராதிகாதான் அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டு மாணிக்கத்துக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தாள்.

மாணிக்கம் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். "என்ன புள்ள?"

"ஏரிக்குப் போங்க."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. "போறேன்," என்றான். போனுக்குள்ளேயே வண்டிக் கதவு அறைகிற சத்தம் கேட்டது.

சுகுணா பின்பக்கத்துக் கிணற்றுக்கு ஓடினாள். ராதிகா பள்ளிக்கூடத்துப் பாதையில் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்த நாலு தாய்மாரும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து மிளகுக் கொடி ஏறிய தோப்புக்குள் இறங்கினார்கள். எங்கே தேடணும், எதைத் தேடணும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் இப்படித் தேடிய நாள் ஒன்று இருந்தது.

"என்னாச்சு? அருளு காணமா?" அண்ணாமலை வாசலில் நின்று கேட்டார். "எங்கயாச்சும் கடைக்குப் போயிருப்பா. பதினாறு வயசுப் புள்ள, இதுக்கு ஏன் ஊரே ஓடுது? அவளுக்கென்ன?"

கலைச்செல்வி ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அதில் சூடு இல்லை.

*மனசு கெட்ட புள்ள எங்க ஊட்டுல ஆரும் இல்லீங்க.* இதைக் கேட்டுவிட்டு அவள் ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறாள். அவசரப்படாமல். கை இரண்டையும் உள்ளே மடித்து.

பதினொன்று ஆனது. பதினொன்றரை. தோப்புக்குள்ளிருந்து "அருளூ..." என்று குரல்கள் மட்டும் கேட்டன. பதில் குரல் எதுவும் வரவில்லை. மாணிக்கத்தின் போன் கிடைக்கவில்லை. ஏரிக்குப் போகிற பாதையில் சிக்னல் கிடையாது. தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அவள் மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவனே கூப்பிட்டான்.

கலைச்செல்வி பச்சைப் பொத்தானை அழுத்தப் பயந்து இரண்டு தடவை ஒலிக்க விட்டாள்.

"ஏரியில இல்ல," என்றான். மூச்சு இரைத்தது. "அர்த்தனாரி அண்ணன் காலையில இருந்து கரையிலயே இருக்காராம். ஈ காக்கா வரலைங்கறார். நானும் சுத்திப் பார்த்துட்டேன்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"கலை, ஏரின்னு உனக்கு எப்படித் தோணுச்சு? அவ எதாச்சும் சொன்னாளா?"

"ஸ்வெட்டரு... மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கா. அன்னிக்கு மாதிரியே."

 "எங்க வெச்சா?"

"இங்க. பெஞ்சு மேல."

"பஸ் ஸ்டாப்பு பக்கத்துல இருக்குதே, அந்தப் பெஞ்சா?" அவன் குரல் மாறியது. "அடி புள்ள, நான் கீழ லோடு கொண்டுபோறப்ப என்ன பண்ணுவேன்? ஸ்வெட்டரைக் கழட்டி மடிச்சு உன் கையில குடுத்துட்டுத்தான வண்டி எடுப்பேன்? மலை எறங்கறவ எவ இதைச் சுமந்துட்டுப் போவா, கீழ மாசி வெயிலு மண்டையைப் பொளக்குது! அவ தண்ணிக்குப் போகலை. பத்தேகாலு பஸ்ஸுல ஏறியிருக்கா. முள்ளுக்குறிச்சி பஸ்ஸு!"

"கீழ எதுக்குங்க போறா? அங்க ஆரு இருக்கா?"

கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு உள்ளே எலுமிச்சம்பழத்தோடு ஒரு குரல் சொல்லியிருந்தது: *நேரா போயி பேர் குடுத்தா அன்னிக்கே பார்ப்பாங்க.*

"நான் எறங்கறேன்," என்றான் மாணிக்கம். "ஒண்ணரை மணி நேரம். நீங்க அந்த மையத்துக்குப் போனைப் போடுங்க."

---

பன்னிரண்டரைக்குத்தான் மையத்துக்கு லைன் கிடைத்தது. ராதிகா போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஆமா மேடம், ஒரு பொண்ணு வந்துச்சு," என்றது அடிவார மையத்துக் குரல், மரியாதையாக. "அருள்மொழி, சேம்பக்காடு, வியாழக்கிழமை ரூமுன்னு சொல்லுச்சு. கம்ப்யூட்டர்ல பார்த்தோம். அப்படி யாருமே இல்லையே மேடம். பதினெட்டு வயசும் ஆகலை. பெரியவங்களோட வாம்மான்னு அனுப்பிட்டோம்."

"அனுப்பிட்டீங்களா? எப்போ?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"ஏதாவது சொன்னாளா?"

"இல்ல மேடம். 'அருள்மொழிங்கற பேரே இல்லம்மா'ன்னு சொன்னதும் சிரிச்சுது."

ராதிகாவின் கை போன்மேல் அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அறையில் அவளுக்கும் கலைச்செல்விக்கும்தான் தெரியும்.

ரமேஷ்குமார் எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டார். "நான் சொன்னதை நம்பித்தான் போயிருக்கா," என்றார், யாரையும் பார்க்காமல்.

கலைச்செல்வி மேசைக்கு வந்தாள். கையில் மண் ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கமுங்க சார்?"

"என்னம்மா?"

"எம்பேரு இருக்கற பக்கம்."

சுகுணா பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை. அருள் முதன்முதலாக அந்தப் பாயில் உட்கார்ந்த நாள்.

"கலைச்செல்வி," என்றார் அண்ணாமலை. "என்ன பண்ற நீ? பத்திரிகை வெச்சாச்சு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா..."

"போகட்டுங்க மாமா."

இதற்கு முன் அவரிடம் அவள் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.  வாசலில் நாலு தாய்மாரும் வந்து நின்றிருந்தார்கள். காலெல்லாம் தோப்புச் சேறு. ஒருத்தியும் உள்ளே வரவில்லை. ஒருத்தியும் போகவும் இல்லை.

"பழசை அழிக்காம ஒரு கோடு போடுங்க," என்றார் ரமேஷ்குமார், தன் பேனாவை நீட்டி. "பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எட்டாம் வகுப்புப் படிப்பு. எழுதிப் பல வருஷம் ஆகிறது. 'ரு'வுக்குக் கீழே சுழி கோணலாகப் போனது. அருள்மொழி, 16.

"வியாதின்னு போட்டிருக்கற எடத்துல என்ன எழுதறது ராதிகா?"

ராதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வியாதி பேரு எதுவும் வேண்டாங்கக்கா. 'பேச வருகிறாள்'னு எழுதுங்க."

எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை எடுக்கும்போதுதான் மேல்வரி கண்ணில் பட்டது.

பொன்னம்மாள், 47, ரத்தசோகை.

ஊர், அவளுடைய ஊர்தான். வீட்டு எண் அவளுக்குத் தெரிந்த எண்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும்.

பொன்னம்மாள், அண்ணாமலையின் மனைவி. மிளகு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுகிறவள். பொன்னம்மாளுக்கு ரத்தசோகையா?

பொன்னம்மாளுக்கு இருப்பது ஒரே பிள்ளை. இருபது வயது. பங்குனி பதினாலு கல்யாணம்.

கலைச்செல்வி தலை நிமிர்ந்து சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். யாருடைய கல்யாணத்துக்காகக் கலைச்செல்வி தன் மகளை மறைத்தாளோ, அந்தக் கவிதாவும் இதே பாயில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எத்தனை வியாழக்கிழமை? என்ன சொல்லி?

அண்ணாமலை மேசையை நெருங்கினார்.

கலைச்செல்வி இடது உள்ளங்கையை விரித்து அந்த வரியின்மேல் வைத்தாள்.

அதே நேரம் அவள் போன் ஒலித்தது. தெரியாத எண். சுகுணா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, முள்ளுக்குறிச்சி பஸ் ஸ்டாப்புல மிளகுக் கடை வெச்சிருக்கேன், அலிமா பீவிங்க. இங்க ஒரு பாப்பா கடைப்படியில உக்காந்திருக்குது. வெயிலு கொளுத்துது, உள்ள வா கண்ணுன்னா வரமாட்டேங்குது. டீ குடுத்தேன், அது ஆறிப்போயி ஈ குடிச்சுட்டிருக்குது. பேரு கேட்டா கலைச்செல்விங்குது. வயசு கேட்டா முப்பத்தொம்பதாம்! என்னைவிட ரெண்டே வயசு எளசாமா, கேட்டுக்குங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொறவு அது மூஞ்சியப் பார்த்தேன், பயமாப் போச்சு. இந்த நம்பரை மட்டும் சொல்லுச்சு. நீங்க ஆருங்க?"

உயிரோடு இருக்கிறாள். கலைச்செல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க கலைச்செல்வி."

"அப்ப இது?"

அறையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாமலையும்.

"அது எம் பொண்ணுங்க. பேரு அருள்மொழி. பதினாறு வயசு. மனசு சரியில்லாம இருந்துச்சு. வாராவாரம் இங்க வந்து பேசிப் பேசித்தான் தேறிட்டிருந்தா. நான்தான் எல்லாருக்கும் முன்னால அவளை இல்லைன்னு சொல்லிட்டேன். போனை அவ காதுல வையுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"யா அல்லா... இருங்க. கண்ணு, இந்தா, உங்கம்மா."

லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது. அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"அருளு?"

"நான் கலைச்செல்வி," என்றது குரல். ஏற்றம் இறக்கம் இல்லாத குரல். "எனக்கு ரத்தம் கம்மி. தலை சுத்தும்."

கலைச்செல்வி உதட்டைக் கடித்தாள். "இல்ல சாமி. எழுதிட்டேன். உம்பேரை எழுதிட்டேன்."

"பொய்."

"சத்தியமா கண்ணு. ரிஜிஸ்டர்ல. எங்கையாலயே."

"அங்க ஆரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும் இருக்காங்க. பெரியப்பாவும் நிக்கறாங்க. எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

 ராதிகா போன் பக்கம் குனிந்தாள்.

"படம் எடுத்து அனுப்பு."

ராதிகா அவசரமாக, "அந்த ஒரு வரி மட்டும்," என்றாள். சுகுணா தன் போனைத் தாழ்த்திப் பிடித்தாள். கலைச்செல்வியின் உள்ளங்கை மேல்வரியை விட்டு நகரவில்லை. படம் எடுத்து, அலிமா பீவியின் எண்ணுக்கு அனுப்பியும் ஆயிற்று. சிக்னல் ஒரு கோடு. சுற்றிச் சுற்றிச் சுற்றி, கடைசியில் போனது.

"வந்துருச்சும்மா," என்றார் அலிமா பீவி தூரத்தில். "பாரு கண்ணு. பெருசு பண்ணிப் பாரு."

"அருள்மொழி," என்று படித்தது குரல், ஒவ்வோர் எழுத்தாக. "பதினாறு. பேச வருகிறாள்." குரலில் எங்கோ ஒரு இடம் உடைந்தது. "இது ராதிகாக்கா சொல்லித்தான எழுதுன?"

"ஆமா சாமி. உங்கப்பா வண்டியில வந்துட்டே இருக்காங்க. அந்தக் கடையை விட்டு எங்கயும் போயிறாத. போக மாட்ட இல்ல?"

"மாட்டேன்."

ரமேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்தார். "நாலு," என்றார் தாழ்ந்த குரலில். "இன்னும் இருபத்தாறு வேணும். மூணே கால் மணி நேரம் இருக்கு." வாசலில் நின்ற தாய்மாரில் ஒருத்தி நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தாள். அண்ணாமலை திரும்பிப் பார்த்ததும் அந்தக் கால் பின்னுக்குப் போனது.

"அம்மா."

நாலு மாதத்தில் அருள் அவளை இப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"என்ன கண்ணு?"

"படத்துல உங்கைக்கு அடியில இன்னொரு பேரு இருக்குதே. அது ஆரு? ஆரை ஒளிச்சு வெச்சிருக்க?"

ஸ்பீக்கர் அணைக்கப்படவில்லை.

அண்ணாமலை சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து மேசையில் வைத்தார். பதிவேட்டின் பக்கம் குனிந்தார்.

"கையை எடு கலைச்செல்வி," என்றார்.